போலியியல்: ஏனாத்தூர் உரை

முதலில் பாயிரம்.

நூல் செய்வதற்கு ஏனாத்தூர் தோதான இடம். காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர்; பின்கோடு 631561. ஒரு பல்கலைக்கழகமும் ஒரு கலைக்கல்லூரியும் ஊருக்குள்ளேயே இருப்பதால், டீக்கடை பெஞ்சில் ஒருவர் ‘அஃதாவது’ என்று பேச்சை ஆரம்பித்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் காஞ்சிக்காரர் என்பது மரபு. ஆகவே உரை எழுதுவது எங்கள் பக்கத்துக் குடிசைத்தொழில், தறிக்கு அடுத்தபடி.

இந்நூல் நுதலிய பொருள், இணையத்தில் அஞ்சல்தலை வாங்குவதும் வாங்கி ஏமாறாதிருப்பதும். கேட்போர் யாரெனின், வீட்டார் தூங்கியபின் ராத்திரி பதினோரு மணிக்கு செல்போன் வெளிச்சத்தில் ‘அரியது’, ‘கடைசி ஒன்று’ என்னும் இரு சொற்களைக் கண்டு மூச்சு வாங்குகிறவர். நூல் செய்தவனும் அவருள் ஒருவன். பயன்: மனைவியிடம் சொல்லும் விலையும் கொடுத்த விலையும் கொஞ்சமாவது ஒத்துப்போதல்.

‘ஸ்டாம்பு’ என்பது பலபொருள் ஒருசொல். சார்பதிவாளர் அலுவலக வாசலில் அது முத்திரைத்தாள். சம்பள ரசீதில் ரெவென்யூ ஸ்டாம்பு. குமாஸ்தா மேஜையில் மைப்பெட்டிக்குத் துணையான ரப்பர். முத்திரைத்தாள் போலிக்குத் தனிக் காப்பியமே உண்டு. 2001-இல் கைதான அப்துல் கரீம் தெல்கி அதன் பாட்டுடைத் தலைவன். அதெல்லாம் இங்கு வாரா. உறையின் வலது மூலையில் ஒட்டவேண்டிய துண்டுக் காகிதத்தை ஒட்டாமல் ஆல்பத்தில் வைத்துப் பூட்டுகிறவர்களின் விவகாரம் மட்டுமே இங்கு பேசப்படும்.

‘அஞ்சல்’ என்பதற்கும் இரு பொருள். அஞ்சுதல் என்றும் ஆகும். அஞ்சாதே என்றும் ஆகும். கோயிலில் சுவாமி கை உயர்த்திக் காட்டுவது அபய முத்திரை. அதைத் தமிழாக்கினால் அஞ்சல் முத்திரை. தபால் ஆபீசில் கறுப்பு மையால் குத்துவதும் அஞ்சல் முத்திரைதான். திருவிதாங்கூர் சமஸ்தானம் தன் தபாலுக்கே ‘அஞ்சல்’ என்று பெயர் வைத்து, 1888 முதல் சங்குச் சின்னத்தோடு தலைகள் வெளியிட்டது. 1951-இல் அது இந்தியத் தபாலில் கலந்தது. எங்கே அஞ்ச வேண்டும், எங்கே அஞ்ச வேண்டாம் என்பதுதான் வாங்குகிறவன் படிக்க வேண்டிய பாடம்.

இனி வகை.

பள்ளிக்கூடத்தில் படித்த போலி பலருக்கு நினைவிருக்கும். ஓர் எழுத்து நின்ற இடத்தில் வேறோர் எழுத்து வந்தும் பொருள் மாறாதிருப்பது போலி. மயல் மையல் ஆனால் முதற்போலி. அரசு அரைசு ஆனால் இடைப்போலி. அறம் அறன் ஆனால் கடைப்போலி. ஐந்து அஞ்சு ஆனால் முற்றுப்போலி. ஒரே ஒரு திருத்தம் செய்துகொண்டால் இந்தப் பாகுபாடு இணையச் சந்தைக்கு அச்சாகப் பொருந்தும். இலக்கணத்தில் எழுத்து மாறும், பொருள் மாறாது. சந்தையில் எழுத்து அப்படியே இருக்கும், பொருள் மாறிவிடும்.

அவற்றுள் முதற்போலியாவது, கடையே பொய்யாவது. அஞ்சல் துறையின் சின்னம், சிவப்பு மஞ்சள் நிறம், ‘தள்ளுபடி மூன்று மணி நேரம் மட்டும்’ என்ற கடிகாரம் எல்லாம் இருக்கும். தபால் துறை மட்டும் இருக்காது. இதை அறியும் வழி யாதெனின், இணைய முகவரியைத் தமிழ் வாக்கியம்போல் படிக்க வேண்டும். தமிழில் பயனிலை கடைசியில் வரும். முகவரியிலும் உண்மை கடைசியில்தான் இருக்கிறது. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் ‘கவ் டாட் இன்’ என்று முடிந்தால் அரசு. ‘இந்தியா போஸ்ட்’ என்பது முன்னால் எத்தனை தடவை வந்தாலும் அது வெறும் அடைமொழி. அரசன் மகன் அரண்மனைத் தெருக் குப்பன் என்றால் வந்திருப்பவர் குப்பனே, அரசன் அல்லன்.

‘உங்கள் பார்சல் முகவரி சரியில்லாமல் நிற்கிறது, இந்த இணைப்பில் போய் விவரம் கொடுங்கள்’ என்று வரும் குறுஞ்செய்தியும் முதற்போலியின் பாற்படும். தபால் துறை பெயரில் இப்படி வருபவை பொய் என்று மத்திய அரசின் செய்திப் பிரிவே எச்சரித்திருக்கிறது. நான்கு பார்சலை எதிர்பார்த்துக் கொண்டிருக்கும் சேகரிப்பாளன் கைதான் அந்த இணைப்பை முதலில் தொடுகிறது.

இப்போது இன்னொரு அடையாளமும் கிடைத்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால், ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது. அதற்குப் பிறகும் ‘ரெஜிஸ்டர்டு போஸ்ட் சார்ஜ் தனி’ என்று விளம்பரத்தில் போடுகிறவர் ஒன்று சோம்பேறி, இல்லாவிட்டால் தபால் ஆபீஸ் பக்கமே போகாதவர். தபால்தலை வியாபாரி தபால் ஆபீசுக்குப் போகாதிருப்பது, தறி பார்க்காமலே பட்டு விற்பதுபோல. அதுவும் எங்கள் ஊரில் உண்டு என்பது வேறு விஷயம்.

இடைப்போலியாவது, கடை உண்டு, சரக்கும் உண்டு, இரண்டுக்கும் நடுவே பணம் போகும் பாதை பொய். பெரிய சந்தைத் தளத்தில் விளம்பரம் போட்டுவிட்டு, ‘கமிஷன் மிச்சம் சார், வாட்ஸப்பில் வாங்க’ என்பார். தளத்துக்குள் பணம் கொடுத்தால் புகார் சொல்லி மீட்க ஒரு கதவு இருக்கிறது. வெளியே வந்த அடுத்த நொடி அந்தக் கதவு சாத்திவிடும். கியூ.ஆர். கட்டத்தை ஸ்கேன் செய்வதும் பின் எண் போடுவதும் பணம் கொடுக்கத்தான். பணம் வாங்க எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், எந்த எண்ணும் போட வேண்டாம். ‘ரீஃபண்டு அனுப்புறேன், பின் போடுங்க’ என்பவர் இரண்டாம் முறை உரிக்கிறார். காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்று பழமொழி; தறியின் மிதியைச் சொன்னது. விரலாட்டிப் பிழைக்கும் கூட்டம் வேறு ஊரில் உட்கார்ந்திருக்கிறது.

‘நட்சத்திர மதிப்பீடு இருக்கிறதே, அது சான்று ஆகாதோ?’ எனின், ஆகாது. ‘அருமையான பொருள், வேகமான டெலிவரி’ என்று முப்பது பேரும் ஒரே வாக்கியத்தைப் பிழை மாறாமல் எழுதியிருந்தால், அந்த முப்பது பேருக்கும் கை ஒன்றே. குறை சொல்லும் இரண்டு பேரைத் தேடிப் படிக்க வேண்டும். என்ன குறை, விற்றவர் அதற்கு என்ன பதில் சொன்னார் என்பதில்தான் ஆள் தெரியும்.

கடைப்போலிக்கு வந்துவிட்டோம். கடைசியில் வீட்டு வாசலுக்கு வருகிற உறைக்குள் இருப்பது பொய்யாவது இது. நூலின் மற்ற பகுதியெல்லாம் படித்தும் கேட்டும் எழுதியவை. இது பட்டு எழுதியது.

1948 ஆகஸ்ட் 15-இல், சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவில், காந்தி நினைவாக நான்கு தலைகள் வந்தன: ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். ‘பாபு’ என்று இந்தியிலும் உருதுவிலும் எழுதியிருக்கும். கதரைப் பேசியவரின் தலையை அச்சிட்டது ஸ்விட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகம் என்பதை இன்றும் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. அந்தப் 10 ரூபாய்த் தலைமேல் எனக்கு முப்பது வருட ஆசை. ஒரு ராத்திரி, ‘தாத்தாவின் பழைய பெட்டியிலிருந்து’ என்ற விளம்பரத்தில் நான்கும் சேர்ந்து 1,800 ரூபாய்க்குக் கிடைத்தன. நல்ல 10 ரூபாய்த் தலை ஒன்றே அதைப்போலப் பல மடங்கு விலைபோகும் என்று தெரிந்தேதான் வாங்கினேன். தாத்தாவின் பேரனுக்கு விலை தெரியவில்லை, நமக்குத் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டேன். இந்த எண்ணத்தைத்தான் அவன் விற்கிறான் என்பது பிறகுதான் புரிந்தது.

உறை வந்ததும் அடுத்த தெருத் தறிக்காரப் பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணுவதற்கு அவரிடம் மடக்குக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. பித்தளை விளிம்பு தேய்ந்து கிடக்கும். தலையை அதன் அடியில் வைத்துக் குனிந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“இது நெய்தது இல்ல தம்பி, தெளிச்சது.”

எனக்கு விளங்கவில்லை. என்னைக் குனியச் சொன்னார். காந்தியின் கன்னத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று புள்ளிகள் திட்டுத்திட்டாகச் சிதறிக் கிடந்தன, ஹோலி முடிந்த சுவர்போல. கூர்வாசியே அச்சிட்டது கிராவ்யூர் முறை. செதுக்கிய உருளையின் நுண்குழிகளில் தங்கும் மை காகிதத்தில் வரிசை பிசகாமல் இறங்கும். என்னிடம் இருந்தது ஏதோ ஒரு வீட்டு பிரிண்டர் தெளித்தது. அந்தத் தலையை வாழ்நாளில் முதல்முறை பார்த்தவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

“முன்பக்கத்த விடு. திருப்பு.”

திருப்பினேன். பசை கண்ணாடிபோல மின்னியது. “எழுவது வருசம் பொட்டியில கிடந்ததுன்ற. பொட்டியில கிடந்த சேல இப்பிடி மினுங்குமா? பட்டு வாங்க வர்றவங்க முந்தானையப் பாப்பாங்க. வெவரம் தெரிஞ்சவங்க உள்பக்கம் திருப்பி, கோர்வை எப்பிடிச் சேர்ந்திருக்குன்னு பாப்பாங்க. ஜரிகையக் கீறி உள்ள செவப்பு நூல் தெரியுதான்னு பாப்பாங்க. உனக்கு முதுகக் காட்டினானா அவன்?”

காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைப்போலியின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கும். விளம்பரப் படம் முகத்தை மட்டுமே காட்டும். அஞ்சல்தலையின் சாதகம் முதுகில் எழுதியிருக்கிறது. பழைய பசையா, புதிதாகத் தடவியதா. ஆல்பத்தில் ஒட்டிய ஹிஞ்ச் தழும்பு இருக்கிறதா. மெலிந்த இடம், ஒட்டுப்போட்ட கிழிசல், நீர்க்குறி எல்லாம் அங்கேதான் தெரியும். ஓரத்துத் துளைகளையும் எண்ண வேண்டும்: இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்பது கணக்கு. 1948 காந்திக்குப் பதினொன்றரை. என்னுடையதை அளந்தபோது பதின்மூன்று வந்தது. அதற்குள் எனக்குக் கோபம் போய், ஒருவித ஆராய்ச்சி மகிழ்ச்சி வந்துவிட்டிருந்தது. 1,800 ரூபாய்க்கு அதாவது மிஞ்ச வேண்டாமா?

கடைப்போலியின் உட்பிரிவுகளில் நுட்பமானது, உடல் மெய்யாகவும் எழுத்து பொய்யாகவும் இருப்பது. அதே காந்தி 10 ரூபாயில் ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்ட நூறு தலைகள் கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்கென்று தனியாகத் தரப்பட்டன. அப்போது அந்த நாற்காலியில் இருந்தவர் நம் ராஜாஜி. அவற்றுள் மிகச் சிலவே இன்று மிஞ்சியிருக்கின்றன; நான்கு சேர்ந்த துண்டு ஒன்று 2017-இல் ஐந்து லட்சம் பவுண்டுக்குப் போனது. ஒரு மெய்யான 10 ரூபாய்த் தலையின்மேல் ஏழு ஆங்கில எழுத்தை அச்சடித்துவிட்டால் ஒரு தெருவையே வாங்கலாம் என்று எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்! காகிதம் மெய், துளை மெய், காந்தி மெய், எழுத்து மட்டும் பொய். போலி ஜரிகைச் சேலையில் அசல் ஜரிகையை நான்கு விரல் மட்டும் வைத்து, அந்த நான்கு விரலையே வாடிக்கையாளருக்குக் காட்டுகிற சாமர்த்தியம் இது.

நேர் எதிரானது, இருந்ததை அழிப்பது. ‘நிறம் விடுபட்ட பிழைத்தலை’ என்று விற்பவற்றில் பல, வெயிலிலும் ரசாயனத்திலும் நிறம் ஓட்டப்பட்டவை. இந்தியாவில் மெய்யான பிழைக்குத் தாய், 1854-இன் நான்கணாத் தலை. சிவப்புச் சட்டமும் நீல ராணி தலையும் தனித்தனியாக அச்சேறியதால், சில தாள்களில் ராணி தலைகீழாக நின்றுவிட்டார். அது அச்சகத்தின் பிழை. பாத்திரம் விளக்கும் தொட்டியில் பிறந்தது பிழையே அன்று.

நறுமணத் தலைக்கும் ஒரு சொல். 2006-இல் 15 ரூபாய்க்குச் சந்தன மணம் வீசும் தலை வந்தது, பிறகு ரோஜா, மல்லிகை, 2017-இல் காபி. ‘இன்னும் கமகம’ என்று யாராவது விற்றால் மோந்து பார்க்கலாம். ஊதுபத்தி வாசம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இந்த இடத்தில் விலையைப் பற்றிய தடை விடை. ‘ஐந்து ரூபாய்த் தலையை மூன்று ரூபாய்க்குத் தருகிறார்களே, வாங்கினால் என்ன?’ எனின்: தபால் ஆபீஸ் ஐந்து ரூபாய்த் தலையை ஐந்து ரூபாய்க்கே விற்கும்; ஆடித் தள்ளுபடி கிடையாது. மூன்றுக்கு வருவது மூன்றில் ஒன்று. திருடியது, முத்திரை குத்திய பழைய தலையின் மையைக் கழுவியது, அச்சடித்தது. ‘பழைய சரக்கைத் தள்ளிவிடும் யோக்கியமான சேகரிப்பாளர் இல்லையோ?’ எனின், உண்டு. அவரிடம் பத்து, இருபது வகையாகக் கலந்து இருக்கும். ஒரே தலை ஆயிரக்கணக்கில் கட்டுக்கட்டாக வைத்திருப்பவருக்குத் தாத்தா கிடையாது, மிஷின்தான் உண்டு.

நம் ஊரில் இது பெரும்பாலும் சேகரிப்பாளர் தலைவலி. கடல் தாண்டினால் சாதாரணக் குடும்பஸ்தனுக்கும் வருகிறது. அமெரிக்கத் தபால் துறை, ‘ஃபாரெவர்’ தலைகளைப் பாதி விலைக்குக் கூவும் இணையக் கடைகளைப் பற்றித் தொடர்ந்து எச்சரிக்கிறது. பிரிட்டனில் சாதாரணத் தலைகளுக்குப் பார்கோடு வந்து, 2023 ஜூலையோடு பழையவை செல்லாமல் போயின. போலி ஒட்டிய கடிதம் வந்தால் பெறுகிறவரிடம் ஐந்து பவுண்டு கேட்டார்கள். லண்டனில் இருக்கும் அத்தைக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பியவர் மலிவுத் தலை ஒட்டி, அத்தை ஐந்து பவுண்டு கட்டி அதை வாங்கினால், அடுத்த பொங்கலுக்கு உறவு இருக்குமா?

முற்றுப்போலி, கடையும் சரக்கும் மட்டுமல்ல, நாடே பொய்யாவது. ஐந்து அஞ்சு ஆவதுபோல. ‘அஞ்சு’ என்பது ஏவலுமாகும். இங்கு அது பொருத்தம். 1960-களின் இறுதியிலிருந்து ‘நாகாலாந்து’ என்ற பெயரில் பறவையும் பூவுமாகத் தலைகள் வெளியூர்ச் சந்தைகளில் புழங்கின. நாகாலாந்து இந்திய மாநிலம். அதற்குத் தனித் தபால் கிடையாது. அந்தத் தலையை ஒட்டி ஒரு கடிதமும் எங்கும் போனதில்லை. இன்றும் ‘100 வெளிநாட்டுத் தலைகள்’ என்ற பொட்டலத்தில் இவை வருகின்றன. 1874-இல் பெர்ன் நகரில் பிறந்த உலகத் தபால் ஒன்றியம், தங்கள் பெயரில் யாரோ அச்சிட்டுவிட்டார்கள் என்று நாடுகள் தரும் புகார்களைச் சுற்றறிக்கையாக வெளியிடுகிறது. 2002 முதல் வந்த முறையான வெளியீடுகளுக்கு எண் கொடுத்து இணையத்தில் பட்டியலும் வைத்திருக்கிறது. புத்தம்புதிய ஆப்பிரிக்கத் தலையில் ஹாலிவுட் நடிகை சிரித்தால் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாம். குழந்தைகள் ஆல்பத்துக்கு என்றால் முற்றுப்போலியால் பெரிய கெடுதல் இல்லை, பறவை நன்றாகவே இருக்கிறது.

இல்முன் என்பது முன்றில் ஆவது இலக்கணப்போலி. சொற்கள் இடம் மாறிக்கொள்வது. சந்தையில் ஏமாற்றுபவன் வாங்குபவன் வேடத்தில் வருவான். ‘உங்கள் பழைய தலைக்கு மூன்று லட்சம் தருகிறேன், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்டுங்கள்.’ பழைய நாணயம், நோட்டு விஷயத்தில் ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே கமிஷன் கேட்டார்கள். 2021 ஆகஸ்டில் அவ்வங்கி மறுப்பு வெளியிட்டது. விற்கிறவன் பணம் கட்டுவது எந்தச் சந்தையிலும் வழக்கம் அன்று.

இனிச் சான்றிதழ். குமரகோட்டத்தில் கச்சியப்பர் கந்தபுராணம் அரங்கேற்றியபோது முதல் செய்யுளின் ஒரு புணர்ச்சிக்கே விதி எங்கே என்று சபை நிறுத்திவிட்டதாகவும், சோழநாட்டிலிருந்து ஒருவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து காட்டியபிறகே மேலே போனதாகவும் காஞ்சியில் கதை சொல்வார்கள். முருகனே அடியெடுத்துக் கொடுத்த பாட்டுக்கே இந்தச் சோதனை. ‘நான் கேரண்டி சார்’ என்பவர் முருகனைவிடப் பெரியவரா? பெரும் விலைத் தலைக்கு நிபுணர் குழுவின் சான்றிதழ் கேட்க வேண்டும். சான்றிதழும் அச்சடிக்கக்கூடிய காகிதமே ஆதலால், அதன் எண்ணைக் கொடுத்தவரிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

‘கடைசி ஒன்று, இன்றைக்கு விட்டால் கிடைக்காது’ என்பார்க்கு விடை: அத்திவரதர் 40 ஆண்டுக்கு ஒருமுறைதான் வருவார், கடைசியாக 2019-இல் வந்தார். மேற்படி கடைசி ஒன்று வெள்ளிக்கிழமைதோறும் எழுந்தருளுகிறது.

புறனடை. மேற்சொன்னவற்றுள் அடங்காதன எல்லாம் கொண்டுணர்க. புதுத் தலைகள் வேண்டுவோர் அஞ்சல் துறையின் சொந்தத் தளத்திலோ, சென்னை அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலையத்தின் தலை சேகரிப்புப் பிரிவிலோ வாங்கலாம். முன்பணக் கணக்கு வைத்தால் வெளியீடுகள் வீட்டுக்கே வரும். பழையவற்றுக்குச் சங்கங்கள் உண்டு. 1956 முதல் இருக்கும் தென்னிந்தியச் சேகரிப்பாளர் சங்கத்தில் ஏதாவது ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால், எந்த விற்பனையாளர் எப்படி என்று யாராவது காதில் போடுவார்கள். உறையைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துக்கொள்வது நன்று. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரி முழுக்க யோசிக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும். பணம் வங்கிகளுக்குள் நகர்ந்துகொண்டிருக்கும்போதே பிடித்தால்தான் உண்டு. நான் யோசித்தேன். பொருள் சரியில்லை, விற்றவர் பதில் இல்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. 2020-இன் மின்வணிக விதிகள்படி தளம் விற்பவரின் பெயரையும் முகவரியையும் காட்டியே தீர வேண்டும்.

இவ்வளவு எழுதியபின்னும் ஆசை விடவில்லை. 2009-இல் வந்த இந்தியப் பாரம்பரிய நெசவுத் தொகுப்பில் எங்கள் காஞ்சிப் பட்டுக்கும் ஒரு தலை உண்டு. கைத்தறிக் கதரிலேயே அச்சிட்ட 250 ரூபாய்க் காந்தி 2011-இல் வந்தது; ஒரு லட்சம்தான் அடித்தார்கள். போன மாதம் கதர்த் தலை ஒன்றை ஒருவர் விளம்பரத்தில் போட்டிருந்தார். தறிக்காரப் பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். காகிதமில்லை, துணி என்றதும் அவருக்கே ஆவல் வந்துவிட்டது. “எத்தனாம் நம்பர் நூலுன்னு கேளு. முதுகையும் கேளு” என்றார்.

“பின்பக்கப் படம் அனுப்ப முடியுமா?” என்று விற்பவருக்கு எழுதினேன். பத்து நிமிஷத்தில் படம் வந்தது. முன்பக்கத்தையே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அனுப்பியிருந்தார். காந்தி மறுபுறம் பார்த்துக்கொண்டிருந்தார், 250 என்பது பின்னாலிருந்து முன்னால் எழுதியிருந்தது.